இருக்கிறது இருந்தபடியே

பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு விற்கப் புறப்படும் எவரும் முதலில் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். அந்த வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதைப் பெயர்த்தெறிவது? இது மிகவும் பொறுப்பு வாய்ந்த காரியம் என்பதில் விஷயம் தெரிந்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. கதவு தேக்காக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். வெறும் பலகையாக இருந்தால் தூக்கிப் போடலாம். தேக்கு மாதிரி தெரிந்தால் தேக்கு என்று சொல்லி விற்றுவிடலாம். இந்த அறிவை வைத்துக்கொண்டு பூச்சு வெகுகாலம் கௌரவமாகப் பிழைத்துவந்தார்.

பூச்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. எந்தக் கோளாறையும் மேலே ஒரு பூச்சு பூசினால் தீர்த்துவிடலாம் என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. சுவர் வெடித்தால் சிமென்ட், தரை பிளந்தால் சிமென்ட், மனைவி முகம் திருப்பிக்கொண்டால் நல்ல வார்த்தையாக நாலு. மூன்றுமே அடுத்த மழைக்கு விட்டுக்கொடுத்துவிடும். அதற்குள் அவர் வேறு வீட்டில் இருப்பார், சிமென்ட்டைப் பொறுத்தவரை அது போதுமானதாக இருந்தது. மனைவிதான் கூடவே வந்துகொண்டிருந்தாள்.

அவளை ஊரில் எல்லோரும் தையலக்கா என்பார்கள். அந்த ஊரில் தையலக்கா குடியிருக்காத தெரு குறைவு, ஆனால் எந்த வீட்டிலும் அவள் வாழ்ந்ததாகச் சொல்ல முடியாது. வாடகைக்குச் செலவு எதற்கு என்று பூச்சு வாங்கிய வீட்டிலேயே குடும்பத்தை வைத்துவிடுவார். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், அடுப்புக்குப் பக்கத்தில் சிமென்ட் மூட்டை, நூல்கண்டை உதறினால் ஒரு பிடி புழுதி. இதெல்லாம் அவள் பங்கு. சமையலறையில் அலமாரி வந்துவிட்டால் மூட்டை கட்ட ஆரம்பிக்க வேண்டியதுதான். குளியலறையில் வெந்நீர் வந்துவிட்டால் வீடு விற்றாயிற்று என்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டுடைய கஷ்டகாலத்தில் மட்டும் கூட இருந்துவிட்டு, அது நன்றாக ஆன அன்று யாரோ ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

இதில் தொழில் எப்படி நிற்கும்? துணி கொடுத்துவிட்டுப் போன பெண் திரும்பி வந்து கதவைத் தட்டினால், முன்பின் தெரியாத ஒருவர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப்பார்ப்பார். தையலக்காவின் கைவேலையைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. அவளைக் கண்டுபிடித்தவர்களும் அதிகம் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் பூச்சு அந்த மூலை வீட்டை வாங்கினார். முன்னறையில் தெருவைப் பார்த்த அகலமான ஜன்னல், எதிரே பஸ் நிறுத்தம். தையல் மிஷினை ஜன்னலடியில் இறக்கி வைத்தபோது வெளிச்சம் நேராக ஊசியின் மேல் வந்து விழுந்தது. அவள் மிஷினுக்கு எண்ணெய் விட்டு முடிப்பதற்குள் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் ஜன்னல் வழியாகவே பாவாடை ஒன்றை நீட்டி, ஓரம் அடித்துத் தரச் சொன்னாள். செத்தாலும் இந்த ஜன்னலை விட்டு நகர்வதில்லை என்று தையலக்கா அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

"இந்த வீட்டை மட்டும் விக்கக் கூடாது" என்றாள்.

"விக்க மாட்டேன்" என்றார் பூச்சு.

"போன வீட்டுலயும் இதையேதான் சொன்னீங்க."

"போன வீட்டுல சும்மா சொன்னேன். இந்த வீட்டுல சத்தியமா சொல்றேன்."

"அதுக்கு முந்தின வீட்டுல சத்தியமாத்தான் சொன்னீங்க."

பூச்சு நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "அது நடு வீடு. இது மூலை வீடு இல்லையா" என்றார்.

மறுநாள் காலையில் பூச்சு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சீட்டி அடித்தபடி சமையலறைக் குழாயை ஆராய்ந்துகொண்டிருந்தார். சீட்டி சத்தம் எதில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். குழாயில் ஆரம்பித்தால் அலமாரியில் வந்து நிற்கும். அலமாரி வந்தால் தரகர் வந்துவிடுவார்.

பாவாடை வாங்க வந்த அந்தப் பெண் நகராட்சியில் அலுவலக உதவியாளராக இருந்தாள். அவளிடம் தையலக்கா மனம் விட்டுப் பேசினாள். "அக்கா, எங்க ஆபீஸ்ல பழங்கூறு பேணல் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு" என்றாள் உதவியாளர். "பழைய வீட்டுல இருக்கிற எதையும் அனுமதி இல்லாம எடுக்கக் கூடாதுன்னு சட்டம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஆய்வாளரே வந்துடுவாரு."

அந்தப் பிரிவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தொடங்கிய நாளிலிருந்து அதன் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. அந்தப் பிரிவைத் தேடி ஒருவர்கூட வராததே அதற்குக் காரணம். ஆகவே தையலக்கா போய் நின்றபோது ஆய்வாளரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒரு பை நிறைய தகரப் பட்டைகளையும் ஒரு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு பட்டையிலும் 'இருப்புக்கூறு, அகற்றுதல் குற்றம்' என்று பொறித்திருந்தது.

பூச்சு அப்போது குழாயைக் கழற்றுவதற்காக அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்க" என்றார் ஆய்வாளர். "இது என்ன?"

"குழாய் சார். ஒழுகுது. இன்னிக்கு மாத்திடலாம்னு."

"ஒழுகுறது எப்ப இருந்து?"

"நாங்க வாங்குறதுக்கு முன்னாடி இருந்தே சார்."

"அப்ப இந்த ஒழுகல் உங்களுக்கு சீனியர்."

"சார்?"

"ஒரு ஆபீஸ்ல பின்னாடி சேர்ந்தவர், முன்னாடி சேர்ந்தவரை வேலையை விட்டு எடுக்க முடியுமா?"

"முடியாது சார்."

"அவர் வேலையே செய்யலன்னாலும்?"

"வேலையே செய்யலன்னா தொடக்கூட முடியாது சார்."

"அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லி ஆய்வாளர் குழாய்க்கு மேலே ஒரு பட்டையை அறைந்தார்.

பிறகு வீடு முழுவதும் சுற்றி வந்தார். முன்னறைச் சுவரில் ஈரம் பூத்திருந்த இடத்தை உள்ளங்கையால் தடவி, "நல்ல அனுபவம் உள்ள ஈரம்" என்றார். சாத்தாத கழிவறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் கால் இடித்துக்கொள்ளும் சமையலறைப் படியில் தானும் ஒருமுறை இடித்துக்கொண்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு பட்டை அடித்தார்.

"எதைத்தான் சார் எடுக்கலாம்?" என்று பூச்சு கெஞ்சினார்.

"எது இருக்கோ அது இருப்புக்கூறு. அதை எடுக்க முடியாது. இல்லாததைத் தாராளமா எடுங்க. அதுக்கு அனுமதிகூட வேண்டாம்."

கடைசிப் பட்டையை அடிக்கும்போது சுவரிலிருந்து ஒரு முறம் அளவு காரை பெயர்ந்து விழுந்தது. பூச்சுவின் கை தானாகக் கொத்துக் கரண்டியைத் தேடியது. "இது இப்பத்தானே சார் விழுந்துச்சு? இதையாவது பூசிக்கலாமா?"

"அது அரசுப் பணியில் ஏற்பட்ட சேதம். வேற பிரிவு" என்றார் ஆய்வாளர். "அந்தப் பிரிவு இன்னும் ஆரம்பிக்கலை."

தையலக்கா எல்லாவற்றையும் ஜன்னலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். செப்பனிட்டு முடியாத வீட்டை விற்க முடியாது. செப்பனிடவே கூடாத வீடு எப்போது முடியும்? குழாய் சொட்டுகிற சத்தம் அவள் காதுக்கு அன்று இதமாக இருந்தது.

பூச்சு சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு கோளாறைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவருக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம். ஒருநாள் மனைவி கடைக்குப் போன சமயம் பார்த்து, குழாய்க்காரரை வரவழைத்து ஒழுகலை நிறுத்திவிட்டார். அடுத்த முறை வந்த ஆய்வாளர் சமையலறை வாசலில் நின்றார். உற்றுக் கேட்டார். சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம் மாறியது.

"ஒழுகல் எங்கே?"

பூச்சு திருட்டு முழி முழித்தார்.

"உடனடியா மீட்கப்படணும். பழைய வேகத்துல, பழைய சத்தத்தோட. இல்லன்னா நடவடிக்கை."

குழாய்க்காரரை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பையைக்கூடத் திறக்கவில்லை. "இதுக்குப் போய் எதுக்குங்க கவலைப்படறீங்க? நான் ரிப்பேர் பண்ணினதுதானே. ரெண்டொரு நாள்ல தானா ஒழுகும்" என்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர். அப்படியே ஒழுகியது.

இந்த நிம்மதி நீடித்திருக்கும். ஆனால் நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே, அது அந்தச் சமயம் பார்த்து அந்தத் தெருவில் திரும்பியது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த தரகர் மூலை வீட்டு ஜன்னல் வழியே மின்னிய தகரப் பட்டையைப் பார்த்துவிட்டு, வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடிவந்தார். இதே தரகர்தான் பூச்சுவின் பழைய வீடுகளையெல்லாம் விற்றுக் கொடுத்தவர். அவரைப் பார்த்ததும் தையலக்காவின் கால் மிஷின் மிதியில் நின்றுவிட்டது.

தரகர் சுவரில் கை வைத்தார். "அக்கா, இந்த ஈரம் ஒரிஜினலா?"

"மழை பேஞ்சா இன்னும் ஏறும்" என்றாள் அவள், ஆளைத் துரத்துகிற குரலில்.

"கும்பிடணும்க்கா. போன வாரம் ஒரு வீட்டைக் காட்டினேன். ஈரம் மாதிரியே பெயின்ட் அடிச்சு வச்சிருந்தாங்க. வந்தவங்க தொட்டுப் பாத்தா காஞ்சு கிடக்கு. என் முகத்துல காறித் துப்பாத குறைதான்." தரகர் குரலைத் தாழ்த்தினார். "வழவழன்னு இருக்கிற வீட்டை இப்ப எவனும் சீந்தறதில்லை. எல்லாரும் வழவழப்புலதான் குடியிருக்கான். வீடுன்னா அதுல ஒரு குறை இருக்கணும். குறைக்கு அரசாங்க முத்திரை இருக்கணும். உங்ககிட்ட அது வேண்டிய மட்டும் இருக்கு."

பூச்சுவின் முகம் மலர்வதை அவள் பார்த்தாள். பல நாளாகச் செத்துக்கிடந்த சீட்டி சத்தம் அவர் உதட்டில் வந்து உட்கார்ந்தது.

தரகர் அடுத்த நாளே ஒரு தம்பதியைக் கூட்டிவந்தார். கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் உச்சி மாடியில் குடியிருப்பவர்கள். தையலக்கா அவர்களை மிரட்டியே அனுப்பிவிடுவது என்று தயாராக இருந்தாள்.

"கழிவறைக் கதவு சாத்தாதுங்க" என்றாள். "உள்ள போறவங்க இருமிக்கிட்டே இருக்கணும்."

உச்சி மாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "எங்க வீட்டுல யாரும் இருமறதே இல்லைங்க. யார் எங்க இருக்காங்கன்னே தெரியறதில்லை" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

அவருடைய மனைவி அதற்குள் சமையலறைப் படியில் இடித்துக்கொண்டு, விரலில் ரத்தத்தோடு திரும்பி வந்தாள். "நிஜமாவே இடிக்குதுங்க" என்று கணவனிடம் காலைக் காட்டினாள். கல்யாண நாளில்கூட அவள் அப்படிச் சிரித்திருக்கமாட்டாள் என்று தோன்றியது.

குறையைச் சொல்லச் சொல்ல விலை ஏறுவதைப் பார்த்த தையலக்கா, அன்றிலிருந்து வழியை மாற்றிக்கொண்டாள். வீட்டைச் சரிசெய்துவிட்டால் எவரும் வாங்கமாட்டார்கள் அல்லவா? பூச்சு தூங்கும் மதிய வேளையில் அவரது சுண்ணாம்பை எடுத்து ஈரத்தின் மேல் அவளே பூசினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கொத்துக் கரண்டியைத் தொட்டது அன்றுதான். மறுநாள் காலையில் ஈரம் பழைய இடத்தோடு நிற்காமல் பக்கத்துச் சுவருக்கும் பரவியிருந்தது. ஆய்வாளர் வந்து பார்த்து, இது பதவி உயர்வு என்று சொல்லி இன்னொரு பட்டை அடித்துவிட்டுப் போனார்.

"விக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்க" என்று அவள் அன்று கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டைச் சரிபண்ணி விக்க மாட்டேன்னு சொன்னேன். இது சரியாகவே இல்லையே? சரியாகாத வீட்டைப் பத்தி நான் எதுவும் சொல்லலை."

"மனுஷன்தானா நீங்க? எத்தனை வீட்டுக்குத்தான் நான் புழுதி தட்டறது? உங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு ஒரு லாரிக்கு வாக்கப்பட்டிருந்தா அதுவாவது சாயங்காலம் ஒரு இடத்துல நிக்கும்."

"இவ்வளவும் யாருக்காகப் பண்றேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன், யாருக்காகப் பண்றீங்க?"

நூல்கண்டு ஒன்று பறந்தது. ஜன்னல் அகலம் என்பதால் எல்லாமே பஸ் நிறுத்தம் வரை தெளிவாகக் கேட்டது. இப்படி நாள்தோறும் நடந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் முடிவைத் தெரிந்துகொள்வதற்காக வந்த பஸ்ஸை விட்டார்கள். வெகு சீக்கிரம் அங்கே இரண்டு கட்சி ஏற்பட்டுவிட்டது. தையலக்கா கட்சியில் ஆள் அதிகம்.

விற்பனைக்கு முன் நடக்கவேண்டிய இறுதி ஆய்வு நாளும் வந்தது. முன்னறையில் ஆய்வாளர், தரகர், உச்சி மாடித் தம்பதி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கணவனும் மனைவியும் வழக்கம்போல் மோதிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார்.

"இந்தச் சண்டை எப்ப இருந்து?"

"இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து சார்" என்றாள் தையலக்கா, மூச்சு வாங்க.

"அப்ப வாங்குறவங்களுக்கு இது சீனியர். தவிர வெளியே ஜனங்க நின்னு கேக்கறாங்க. பொதுமக்கள் பயன்பாட்டில் உள்ள கூறு." அவர் பையைத் திறந்தார்.

பூச்சு அவசரமாகக் குறுக்கிட்டார். "சண்டையை இங்கேயே விட்டுட்டு நாங்க போயிடறோம் சார்."

"எப்படி விட்டுட்டுப் போவீங்க? ஆள் இல்லாம அது தனியா நடக்குமா?"

"அதுக்காக எங்களையும் சேத்து வித்துடுவாங்களா? நாங்க என்ன சார் குழாயா?"

"குழாய் எப்படி ஆவீங்க? குழாய்க்கு நீங்க ஜூனியர்" என்றார் ஆய்வாளர் கண்டிப்பாக. சண்டைக்குப் பட்டையை எங்கே அடிப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். கடைசியில் இருவருக்கும் பொதுவான இடம் என்று சமையலறை நிலைப்படியில் அடித்தார்.

உச்சி மாடிக்காரரின் மனைவி எட்டிப்பார்த்து, "தூக்கிப் போடற சாமானும் இதோட சேந்து வருமா?" என்று கேட்டாள். வரும் என்று தரகர் உறுதி கொடுத்தார்.

தையலக்கா பட்டையில் பொறித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படிப்பவள் போல் மெதுவாகப் படித்தாள். அகற்றுதல் குற்றம். அப்படியானால் அவளை இந்த வீட்டிலிருந்து யாரும் அகற்ற முடியாது. பூச்சு முடியாது, தரகர் முடியாது, வாங்குகிறவரும் முடியாது. வீடு யாருடையதாக இருந்தால் என்ன, ஜன்னல் அவளுடையது. அவள் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அழுகை வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுததில்லை.

வீடு விற்றாயிற்று. வாங்கியவர்கள் குடிவரவில்லை. அவர்கள் வெந்நீர் வருகிற உச்சி மாடியிலேயே இருந்துகொண்டு, விடுமுறை நாளில் மட்டும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்து ஈரத்தைத் தொட்டு, படியில் இடித்துக்கொண்டு, சண்டையைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

பூச்சுவின் பாடுதான் பரிதாபம். கையில் பணம் இருந்தும் அடுத்த வீடு வாங்க முடியாது, இந்த வீட்டை விட்டு அவரும் நகரக் கூடாது. கொஞ்ச நாள் பஸ் நிறுத்தத்தில் நின்று எதிர்க் கட்டடத்து விரிசல்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு பொழுது போகாமல் ஜன்னலடியில் வந்து உட்கார்ந்து நூல் பிசிறு வெட்ட ஆரம்பித்தார். பொத்தான் தைத்தார். ஊசி கோத்துக் கொடுத்தார். இடிக்கவும் பூசவும் ஒன்றும் இல்லாதபோது அவர் மிகவும் நல்ல மனிதர் என்பது தையலக்காவுக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. வாடிக்கையாளர்கள் கொடுத்த துணியைத் திரும்ப வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இருவரும் வேலை செய்துகொண்டே எதையெதையோ பேசிச் சிரித்தார்கள். அவளுக்கு மறுபடியும் காதலிக்கிற வயது வந்துவிட்டது போல் இருந்தது.

இது எவ்வளவு பெரிய விதிமீறல் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் உச்சி மாடித் தம்பதி ஒரு பெரிய கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். குழாய் சொட்டியது. ஈரம் நாறியது. வெகுநேரம் கழித்துப் பூச்சு வாயைத் திறந்து, "கண்ணு வலிக்குதுன்னா கொஞ்ச நேரம் படுத்துக்கோயேன்" என்றார். விருந்தாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உச்சி மாடிக்காரருக்கு மானம் போயிற்று.

மறுநாளே ஆய்வாளர் வந்துவிட்டார். இதற்குள் அவர் தலைமை ஆய்வாளர் ஆகியிருந்தார். மூலை வீட்டின் விலையைக் கேள்விப்பட்டுத் தெரு முழுக்கத் தங்கள் வீட்டுக்கும் பட்டை அடிக்கச் சொல்லி வரிசையில் நின்றதில் அவருடைய பிரிவு ஒரு மாடி முழுவதும் பரவிவிட்டது. எதிர்வீட்டில் பூனைக்குட்டிகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த தம்பதிகூட இப்போது வாசலில் நின்று ஒருவரையொருவர் ஏசப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"கூறு பழுதாயிருக்கு" என்றார் தலைமை ஆய்வாளர். "சண்டையை உடனே மீட்கணும்."

"முயற்சி பண்ணிப் பாத்தோம் சார், வர மாட்டேங்குது" என்றார் பூச்சு. "இவளைப் பாத்தா திட்டத் தோணலை."

"முன்னாடி எதுக்காகச் சண்டை போட்டீங்க?"

தையலக்கா உள்ளதைச் சொன்னாள். "இவரு வீட்டை வித்துடுவாரோ, நான் மறுபடி மூட்டை கட்டணுமோன்னு பயம் சார். இப்ப அந்தப் பயம் போயிடுச்சு."

தலைமை ஆய்வாளர் தொழில் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். "நெனச்சேன். அப்ப காணாமப்போனது சண்டை இல்லை, பயம். அதுதான் ஒரிஜினல் கூறு. சண்டை அதோட ஒழுகல். குழாயைப் பழையபடி வச்சா ஒழுகல் தானா வந்துட்டுப் போகுது." பயத்தை மீட்பதற்கான ஏற்பாட்டை அங்கேயே அறிவித்தார். மாதம் ஒருமுறை அந்த அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்று, இந்த வீட்டில் இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும் என்று உரக்கச் சொல்லுவாள்.

தையலக்கா மிஷினை நிறுத்தினாள். "நிஜமாவே காலி பண்ணச் சொல்வீங்களா, சும்மா சொல்வீங்களா சார்?"

"அதைச் சொல்லிட்டா எப்படிம்மா பயம் வரும்? சில தடவை சும்மா இருக்கும். சில தடவை நிஜமா இருக்கும். எது எதுன்னு எங்க ஆபீஸ்ல யாருக்குமே தெரியாதபடி ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

"அகற்றுதல் குற்றம்னு பட்டையில போட்டிருக்கே சார்?"

"மத்தவங்க அகற்றினா குற்றம். நாங்க அகற்றினா நடவடிக்கை."

முதல் மாதம் உதவியாளர் வந்து, தையலக்காவின் கண்ணைப் பார்க்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்துவிட்டுப் போனாள். பிறகு தையலக்கா கணவன் பக்கம் திரும்பி, "அந்தத் தரகரோட நேத்து என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். பூச்சு பேசியது மழையைப் பற்றி. அதை அவர் சொன்னார், அவள் நம்பவில்லை. பஸ் நிறுத்தத்தில் அன்று யாரும் பஸ் ஏறவில்லை.

ஒரு வீட்டுக்கு மட்டும் இந்தச் சலுகையைக் கொடுப்பது நியாயமில்லை என்று மற்ற பட்டை வீட்டுக்காரர்கள் மனு கொடுத்தார்கள். அறிவிப்பு வருகிற வீட்டுக்கு விலை அதிகம் என்று தரகர் சொல்லியிருந்தார். ஆகவே தெரு முழுவதற்கும் அறிவிப்பு வர ஆரம்பித்தது. சில வீடுகள் நிஜமாகவே காலியாயின. அந்தத் தெருவில் இன்று எவரும் தான் இருப்பது தன் வீடுதான் என்று சத்தியம் செய்யமாட்டார்கள். ஆனால் விலை ஏறுவதில் எல்லோருக்கும் திருப்திதான்.

தையலக்கா அதே ஜன்னலடியில் தைத்துக்கொண்டிருக்கிறாள். வெளிச்சம் அதே மாதிரி ஊசி மேல் விழுகிறது. நினைத்த வீடு கிடைத்தது, நினைத்த நிம்மதி கிடைக்கவில்லை. அது அவளுக்கு ஆற்ற முடியாத வருத்தம். துணி கொடுக்க வருபவர்களிடம், சீக்கிரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுகிறாள்.

தலைமை ஆய்வாளரும் அந்தத் தெருவிலேயே ஒரு வீடு வாங்கியிருந்தார். நல்ல விலைக்குப் போகும் என்று தன் கையாலேயே பட்டைகளை அடித்துக்கொண்டார். அவர் வாசலில் ஒருநாள் உதவியாளர் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, காலி செய்ய வேண்டும் என்று உரக்கச் சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இந்தாம்மா, இது நிஜமா, சும்மாவா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"தெரியாதுங்க சார்" என்றாள் அவள். "நீங்கதான் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஏற்பாடு பண்ணினீங்க."

அன்று மாலை தலைமை ஆய்வாளருக்கும் அவர் மனைவிக்கும் நடந்த சண்டை பஸ் நிறுத்தம் வரை கேட்டது. தரகர் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.